பொன் கொண்டுவந்த ராஜா

பிறந்த வீட்டை விற்கப் போகிறவர்கள் நம் வயதில் இப்போது நிறையப் பேர் இருக்கிறோம். அப்பா அம்மா போய்விட்டார்கள். பிள்ளைகள் ஊர் திரும்பப் போவதில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டில் மழைக்கு மழை ஓடு சரிகிறது. உங்களுக்கு என்னிடம் ஒரே ஒரு யோசனை இருக்கிறது: பரணை முதல் நாளே காலி செய்துவிடுங்கள். நாங்கள் அதைக் கடைசிக்கு விட்டோம். நடந்து ஒரு மாதம் ஆகிறது.

கம்பத்துக்குப் பக்கத்தில் அனுமந்தன்பட்டியில் எங்கள் வீடு. வியாழக்கிழமை பத்திரப்பதிவு என்று முடிவானதும் கோயம்புத்தூரிலிருந்து தம்பி வந்தான். நானும் கல்லூரி விடுமுறையில் இருந்த என் மகளும் மதுரையிலிருந்து வந்தோம். தம்பி வங்கியில் வேலை பார்ப்பவன், எதற்கும் பட்டியல் போடுபவன். வரும்போதே மூன்று நிறத்தில் ஸ்டிக்கர் வாங்கி வந்திருந்தான். பச்சை, நாங்கள் எடுத்துப்போவது. சிவப்பு, விற்பது. மஞ்சள், யாருக்காவது கொடுப்பது. முதல் நாள் சாயங்காலத்துக்குள் வீடு முழுக்க சிவப்பாகிவிட்டது. திரு இருதய ஆண்டவர் படத்தின் கண்ணாடி மேலும் ஒரு சிவப்பு இருந்தது. நான் அதை உரித்தேன்.

கம்பத்திலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவர் மினி லாரியோடு வந்தார். மலைக்கு மேலே கேரளத்தில் ரிசார்ட் கட்டுகிறவர்களுக்குப் பழைய பொருள் விற்று விற்று, அக்கா என்பதற்கும் மலையாளத்தில் சேச்சி என்பவர். அம்மா பொக்கிஷமாகப் பூட்டி வைத்திருந்த இரும்பு பீரோவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொல்லையில் பாசி பிடித்துக் கிடந்த ஆட்டுக்கல் முன்னால் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"இதுல பைப்பு வச்சு தண்ணி பொங்குற மாதிரி வாசல்ல நிப்பாட்டுவாக சேச்சி. டூரிஸ்ட் பூராம் இதுகிட்டதான் நின்னு போட்டோ எடுக்கும்."

"எங்கம்மா இதுல மாவாட்டி மாவாட்டித் தோள்பட்டை தேஞ்சுபோச்சு" என்றேன்.

"அதையும் எழுதி வச்சிருவாக."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் மனது வேறு ஓரிடத்தில் இருந்தது. அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. இந்த வீட்டில் பிறந்தவள். நாற்பத்து நான்கு வருஷமாக இந்த வாசற்படியை மிதிக்காதவள். போன வருஷம் அப்பா இறந்தபோதுகூட எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் நின்றாள். சவப்பெட்டியைக் கோயிலுக்குத் தூக்கியபோது பின்னாலேயே நடந்தாள். பூசை முடிந்து கல்லறையில் மண் போட்டுவிட்டு நேரே பஸ் ஏறிவிட்டாள். வியாழக்கிழமைக்குப் பிறகு இது வேறொருவர் வீடு. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அவள் உள்ளே வந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஞாயிற்றுக்கிழமை, அவள் இருக்கும் ஆண்டிபட்டிக்குப் போன் செய்தேன்.

"அத்தே, வீட்ட விக்கிறோம். ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க."

"நான் பாத்த வீடுதான ஆத்தா."

"ஒங்களுக்கு எதுவும் வேணும்னா எடுத்துக்கங்க."

"அந்த வீட்டுல இருந்து நான் எதையாச்சும் எடுத்தேன்னு இன்னொருக்கா பேரு வாங்கணுமாக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பேரை அவள் எப்படி வாங்கினாள் என்பதைச் சொல்ல, எனக்குப் பத்து வயதாக இருந்த கிறிஸ்துமஸுக்குப் போக வேண்டும்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இயேசு பாலன் பிறந்த குடில் வைப்பார்கள். ஆனால் பார்க்க வருகிறவர்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள், ஏனென்றால் அதைச் செய்வது அத்தை. அவளுக்கு அப்போது இருபத்தொன்று. நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். சிமெண்டுப் பையின் காகிதத்தைக் கசக்கி, கஞ்சியில் நனைத்து, கரித்தூள் பூசி மலை செய்வாள். அதைப் பார்த்தால் யாருக்கும் மேற்கே தெரியும் எங்கள் மலைதான் ஞாபகம் வரும். மலை உச்சியில் மூடுபனிக்கு இலவம் பஞ்சு. கொட்டாங்குச்சிகளில் முளைக்கவிட்ட கேழ்வரகு, வயல். கண்ணாடித் துண்டு, ஆறு. ஈர்க்குச்சியும் நூலும் வைத்து ஒரு திராட்சைப் பந்தல், அதில் மணத்தக்காளிப் பழங்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். தப்பு கண்டுபிடிக்காமல் அவரால் ஒரு பொருளைப் பார்க்க முடியாது.

"பெத்லகேம்ல ஏதுடி திராட்சப் பந்தல்?"

"கானாவூர்க் கல்யாணத்துக்குத் திராட்ச ரசம் எங்கன இருந்து வந்துச்சாம்? கம்பத்துல இருந்து லாரில போச்சா?"

"அந்த ரசத்த ஏசு தண்ணியில இருந்து உண்டாக்குனாரு."

"அது ரெண்டாவது பந்திக்கு. மொதப் பந்திக்கு?"

அப்பா செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அம்மா அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அண்ணனை எதிர்த்துப் பேசி ஜெயிக்கிற ஒரே ஆள் அத்தைதான். அம்மாவுக்கு அது பிடிக்கும். பின்னால் அந்த அம்மாவே அத்தைக்காக ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள் என்பதை நினைத்தால் இப்போதும் நம்ப முடியவில்லை.

பாலனைப் பார்க்கக் காணிக்கையோடு வரும் மூன்று ராஜாக்களில் பொன் கொண்டுவருகிற ராஜாவின் கையிலிருந்த பேழை என்றைக்கோ உடைந்துபோயிருந்தது. அந்த வருஷம் அத்தை ஒரு காலித் தீப்பெட்டியில் தங்கநிறத் தாள் சுற்றி, மைதாப் பசையால் ராஜாவின் கைகளில் ஒட்டினாள். அச்சு அசல் பொற்பேழை. தம்பிக்கு ஆறு வயது. கோயில் உபதேசியார் ஞானோபதேச வகுப்பில் ராஜாக்களின் காணிக்கை பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அவன் தீப்பெட்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டு வீடே அதிர அழுதான்.

"ராஜா ஒண்ணுமே கொண்டாரல! வெறும் பெட்டிய வச்சுக்கிட்டு பாலன ஏமாத்துறாரு!"

எல்லாரும் சிரித்தோம். அழுத வாயில் முன்பல் ஒன்று இல்லை. கிறிஸ்துமஸ் அன்று காலையில்தான் விழுந்திருந்தது, அவனுக்கு முதல் பல். சாணியில் வைத்துக் கூரையில் எறிந்தால்தான் புதுப்பல் நன்றாக முளைக்கும் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். அவன் தரவில்லை. அது தன்னுடைய பல்லாம். கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தான்.

ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின நாள் அம்மா அதிரசத்துக்கு மாவு பிசைந்தாள். பிசையும்போது கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கூடத்து மாடத்தில் வைப்பது வழக்கம். மாடத்துக்குக் கீழே ஒரு பெஞ்சு, பெஞ்சின் மேல் குடில். கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது மோதிரம் இல்லை.

சாக்கடையைத் துழாவினார்கள். அடுப்புச் சாம்பலைச் சலித்தார்கள். அதிரச மாவை உருண்டை உருண்டையாகப் பிய்த்துப் பார்த்தார்கள். குடிலின் வைக்கோலைப் புரட்டிய அப்பா, மாதா, ராஜாக்கள் என்று நின்ற சுரூபங்கள் பக்கம் கையைக் கொண்டுபோனபோது அம்மா தடுத்தாள். அவை பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த சுரூபங்கள். அவற்றைச் சோதனை போடுவது பாவம் என்றாள். ஒரு மனுஷியின் பெட்டியைச் சோதனை போடுவது பாவம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

"மாடத்துப் பக்கம் யாரு போனது?" என்று அப்பா கேட்டார்.

"அத்தைதான் போனாக" என்றேன் நான். உண்மைதான். குடிலுக்கு விளக்கேற்ற அவள்தான் போனாள். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நாற்பத்து நான்கு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பது அதுதான்.

அத்தையின் தகரப் பெட்டியை அப்பா கூடத்து நடுவில் கவிழ்த்தார். இரண்டு சேலைகள், ஜெபமாலை, நர்ஸ் படிப்புக் காகிதங்கள். அப்புறம் அடுத்த வருஷக் குடிலுக்காக அவள் தெருவில் பொறுக்கிச் சேர்த்திருந்த மிட்டாய்த் தாள்கள். சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகத் தரை முழுக்கப் பறந்தன. மோதிரம் இல்லை. இல்லை என்றதும் அப்பா விட்டிருக்கலாம். "வித்துட்டியா?" என்று கேட்டார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அத்தை அழவில்லை. தாள்களை விட்டுவிட்டு மற்றதைப் பெட்டியில் எடுத்து வைத்தாள்.

"நான் எடுக்கலன்னு இந்த வாசல்ல நின்னு நீங்க சொல்ற வரைக்கும் இங்கன கால் வைக்க மாட்டேன்."

ஆண்டிபட்டியில் கூடப் படித்த தோழி ஒருத்தி இருந்தாள். அந்த ஊர் வழியாகப் போகும் மதுரை பஸ்ஸில் ஏறி அத்தை போய்விட்டாள். பிறகு யார் உதவியும் இல்லாமல் படித்தாள், நர்ஸ் ஆனாள், அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். எங்கள் வீட்டில் அப்பா குடிலைப் பிரித்து மரப்பெட்டியில் போட்டு, கயிற்றால் கட்டிப் பரணில் ஏற்றினார். மறு வருஷம் நாங்கள் கேட்டபோது, "செய்றதுக்கு யாரு இருக்கா?" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குடிலே கிடையாது. ஒரே ஒரு வருஷம் அந்தப் பெட்டியை இறக்கியிருந்தால் போதும். அம்மா அந்தப் பரணுக்குக் கீழே இருபத்தெட்டு வருஷம் சோறு வடித்துவிட்டுச் செத்துப்போனாள்.

திங்கட்கிழமை மத்தியானம் வியாபாரி ஏணி வைத்துப் பரணில் ஏறினார். பித்தளை அண்டா, முறம், ஓட்டை விழுந்த பால் கேன் எல்லாம் இறங்கின. கடைசியாகக் கயிறு கட்டிய மரப்பெட்டி. தம்பி வழக்கம்போலச் சிவப்பு ஸ்டிக்கரை நீட்டினான்.

"பெட்டி தேக்கு. உள்ள இருக்கிற பொம்மையோடவே எடுத்துக்கிறேன்" என்றார் வியாபாரி.

"பொம்மை இல்ல, சுரூபம்" என்று நான் கயிற்றை அறுத்தேன். இலவம் பஞ்சு மஞ்சளாகிப்போய் இருந்தது. ஆடு, மாடு, மாதா, சூசையப்பர். என் மகள் ராஜாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். மைதாப் பசையைப் பூச்சி தின்றிருந்தது. ஒரு ராஜாவின் கையிலிருந்து தீப்பெட்டி நழுவித் தரையில் விழுந்தது.

"அம்மா, இதுக்குள்ள என்னமோ ஆடுது."

அவள் தள்ளித் திறந்தாள். ஒரு துணுக்குப் பஞ்சு. அதன் மேல் அம்மாவின் மோதிரம். மோதிரத்தின் வட்டத்துக்குள் பத்திரமாக ஒரு பால்பல்.

என் தம்பி, ஐம்பது வயது ஆள், நாக்கால் தன் முன்பல்லைத் தொட்டுப் பார்த்தான். அவனுக்கே தெரியாமல் அது நடந்தது. நான் பார்த்தேன்.

"நானா?" என்றான். பெஞ்சில் ஏறினால் ஆறு வயதுப் பிள்ளைக்கு மாடம் எட்டும். அது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

"ஏன்டா சொல்லல?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ தேடினான். "சொல்லக் கூடாதுன்னு உபதேசியார் சொன்னாக அக்கா. பாலனுக்குக் குடுக்கிறத யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாக..." குரல் ஆறு வயதுக்குப் போய்விட்டிருந்தது. "அப்புறம் எனக்கு மறந்தே போச்சு. அத்த எதுக்குப் போனாகன்னும் எனக்கு யாரும் சொல்லல. என்னைய யாரும் கேக்கவும் இல்ல."

வியாபாரி ஏணியிலிருந்து இறங்கினார். "பெட்டி எனக்கு வேணாம் சேச்சி. இது என் கையால போற சாமான் இல்ல" என்று சொல்லி வெளியே போய் லாரியில் உட்கார்ந்துகொண்டார்.

போனை நான் எடுத்தேன். தம்பி பிடுங்கிக்கொண்டான். "அத்தே, நான்தான்... மோதிரம் கெடச்சிருச்சு. ராஜா கையில இருந்துச்சு. நான்தான் வச்சேன்" என்று ஒரே மூச்சில் கொட்டினான்.

ஸ்பீக்கரில் நிதானமாக ஒரு கேள்வி வந்தது. "எந்த ராஜா?"

"பொன்னு கொண்டாந்த ராஜா அத்தே."

"நான் தாள் சுத்துனேனே, அந்தத் தீப்பெட்டியா?"

"ஆமா."

"காலையில வாரேன். ஒரு சாமானும் நகரக் கூடாது."

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கார் அனுப்புகிறேன் என்று தம்பி சொன்னதற்கு, பஸ்ஸில் போனவள் பஸ்ஸிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். கஞ்சி போட்ட நீலச் சேலை, கையில் கடிகாரம், முதுகு நேராக. வாசற்படிக்கு ஒரு அடி முன்னால் நின்றாள்.

"சொல்ல வேண்டிய ரெண்டு பேரும் போயிட்டாக. இருக்கிறவுக சொல்லுங்க."

தம்பி தலையைக் குனிந்து முணுமுணுத்தான்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுலே. தெருவுக்குத்தான் கேக்கல."

அவன் நிமிர்ந்தான். வங்கியில் இருபத்தைந்து வருஷம் தணிந்த குரலில் பேசியவன், தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினான். "எங்கத்த மோதிரத்த எடுக்கல! நான்தான் எடுத்தேன்!"

எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலுக்கு வந்தாள். "எந்த மோதிரம்டா?"

"அம்மாவோட கல்யாண மோதிரம் பெரியம்மா!"

"அடப்பாவி! அன்னைக்கே நான் சொன்னேன், இவ எடுத்திருக்க மாட்டான்னு."

அத்தை திரும்பிப் பார்த்தாள். "நீங்க அன்னைக்குச் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு மதினி."

பெரியம்மா உள்ளே போய்விட்டாள். அத்தை வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். மாடம், பெஞ்சு, சுவரில் படம் இருந்த இடத்தின் வெளிறிய சதுரம். பிறகு தம்பியிடம், "ஒம் பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?"

"ஊர்ல இருந்து கொண்டாந்தியே. எடுத்துட்டு வா. இங்கன கவுத்து."

அவன் சக்கரம் வைத்த சூட்கேஸை இழுத்து வந்து அதே இடத்தில் கவிழ்த்தான். சட்டைகள், பனியன்கள், முடிக்குப் பூசும் சாயம், மூன்று நிற ஸ்டிக்கர்கள். அத்தை செருப்பில்லாத கால் விரலால் சாயப் பாக்கெட்டைத் தள்ளினாள்.

"இதப் போட்டும் நரைச்சுத்தான் தெரியுது."

என் மகள் சத்தமாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். போன வருஷம் அவளுடைய பையை நான் இதேபோலக் கட்டிலில் கொட்டியிருக்கிறேன். என்ன தேடினேன் என்று எனக்கே தெரியாது. பயம், அவ்வளவுதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்காமலே நான் என் கைப்பையை எடுத்து வந்து அத்தைக்கும் மகளுக்கும் நடுவில் கவிழ்த்தேன். காய்ச்சல் மாத்திரை, வாந்தி மாத்திரை, டார்ச் லைட், எல்லாருடைய ஆதார் அட்டைக்கும் மூன்று மூன்று நகல்கள், மகளுடைய விடுதிக் காப்பாளரின் நம்பரைப் பெரிதாக எழுதிய சீட்டு.

"அத்தே, மாடத்துப் பக்கம் நீங்கதான் போனீகன்னு சொன்னது நான்."

"தெரியும் ஆத்தா. நான் அங்கனதான நின்னேன்." குனிந்து டார்ச் லைட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். "கேட்டாக, சொன்ன. பத்து வயசுப் புள்ள என்ன செய்யும்? எதுக்கு இம்புட்டு மாத்திரைய சொமந்துக்கிட்டுத் திரியிற?"

நான் அழுதேன். என் மகள் மாத்திரைகளைப் பொறுக்கினாள்.

தம்பி தீப்பெட்டியை நீட்டினான். அத்தை பல்லைத் தனியாக எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். மோதிரத்தைத் தன் விரலில் போட்டுப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் போனது.

"இது உங்க அம்மாளுது. என் பேத்திக்கு வரணும்" என்று என் மகளைக் காட்டினாள். "ஆனா இன்னைக்கு ஒரு நாளைக்கு நான் போட்டுக்கிறேன். நாப்பத்து நாலு வருசம் பேர மட்டும் சொமந்திருக்கேன். ஒரு நாளாச்சும் மோதிரத்தப் போட வேணாமா?"

அத்தை கேட்டது குடில் பெட்டியை மட்டும். அதில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரை அவளே உரித்தாள். பஸ் நிறுத்தம் வரை தம்பி அதைத் தலையில் சுமக்க வேண்டும் என்பது உத்தரவு. லாரியில் இருந்த வியாபாரி இறங்கிக் கை கொடுக்க வந்தார். "நீங்க விடுங்க, அவன் தூக்குவான்" என்று தடுத்துவிட்டாள். வாசலைத் தாண்டியவள் நின்றாள்.

"ஏலே, பல்லு எங்க?"

"கையில இருக்கு அத்தே."

"எறி."

"இப்பவா?"

"பின்ன? வீடு உன்னுது இல்லாமப் போறதுக்குள்ள எறி."

சாணிக்கு எங்கே போவது? என் மகள் தெருவில் ஓடிப்போய், முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு காகிதத்தில் கொஞ்சம் எடுத்து வந்தாள். தம்பி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பல்லைச் சாணிக்குள் பொதிந்து, கையைப் பின்னால் வளைத்து எறிந்தான். ஓட்டின் மேல் 'டொக்'கென்று விழுந்தது. உருளவில்லை. பூட்டியிருந்த அத்தனை கதவுகளும் திறந்தமாதிரி நாங்கள் நாலு பேரும் தெருவில் நின்று சிரித்தோம். அத்தை மோதிரக் கையை முன்னால் தெரியும்படி வைத்துக்கொண்டு, தெருவின் நட்ட நடுவில் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். பெட்டியைச் சுமந்துகொண்டு தம்பி பின்னால் ஓடினான்.

வியாழக்கிழமை பத்திரம் பதிவானது. நாலு எல்லை, கதவு நிலை, கிணறு, மின் இணைப்பு என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள். ஓட்டின் மேல் கிடக்கும் பல்லை மட்டும் யாரும் எழுதவில்லை.